வெஸ்டா சிறுகோளின் படங்கள் உண்மையானவையா, கணினியில் வரைந்தவையா?

நாசாவின் டான் விண்கலம் எடுத்ததாகச் சொல்லப்படும் வெஸ்டா படங்கள் நிஜப் படங்கள்தாமா, நிஜம் என்றால் ஒரு படத்தில் பள்ளங்கள் மேடுகளாகப் புடைத்து நிற்பதும் இன்னொரு படத்தில் அதே தரை சிவப்பும் பச்சையுமாக மாறியிருப்பதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவை நிஜப் படங்கள்தாம். யாரோ உங்களிடம் எல்லாம் ஏமாற்று வேலை என்று அடித்துச் சொல்லியிருக்கிறார், உடனே பதில் சொல்ல முடியாமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே பேச்சை நானும் நேரில் கேட்டிருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் விண்ணியல் படித்தவன் அல்லன். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் படிப்பதே நெடுங்காலம் என் தொழிலாக இருந்தது. அத்தகைய ஃபிலிமில், இணைப்பின் மீது வைக்கப்பட்ட வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய கம்பிகளின் நிழலும் விழுந்திருக்கும். எந்தக் கம்பி வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்த பிறகுதான் இணைப்பில் குறை உண்டா இல்லையா என்ற பேச்சையே எடுப்போம். வெல்டிங் பார்த்தவருக்கு விண்வெளியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். ஒரு படத்தைக் கையில் எடுத்தால் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த எல்லையைத் தாண்டி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

முதல் கேள்வி, இந்தப் படம் எவ்வளவு சிறியதைக் காட்ட வல்லது என்பது. 2007 செப்டம்பரில் ஏவப்பட்ட டான், 2011 ஜூலையில் வெஸ்டாவைச் சுற்றத் தொடங்கி, 2012 செப்டம்பரில் அங்கிருந்து விடைபெற்று சீரிஸ் என்னும் குறுங்கோளை நோக்கிச் சென்றது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிலையத்தின் தலைமையில் உருவான அதன் கேமராவில், பக்கத்துக்கு 1024 புள்ளிகள் கொண்ட சதுரமான உணரி இருந்தது. தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் விலகினால் ஒரு புள்ளிக்குள் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் அடங்கும். ஆகவே 2,700 கிலோமீட்டர் உயரத்தில் எடுத்த படத்தில் ஒரு புள்ளி சுமார் 250 மீட்டர். 680 கிலோமீட்டரில் சுமார் 60 மீட்டர். மிகத் தாழ்ந்த சுற்றுப்பாதையான 210 கிலோமீட்டரில் சுமார் 20 மீட்டர். நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு வீவக அடுக்குமாடி புளோக் வெஸ்டாவில் நின்றிருந்தால், மிக நெருக்கமான படத்திலும் ஐந்து புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும். "இவ்வளவு செலவு செய்தும் படம் ஏன் மங்கல்" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இனி, புடைப்பு. சில ஆண்டுகளுக்கு முன், தமிழ் மொழி விழாவை ஒட்டி, எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இந்தப் படங்களைத் திரையிட்டுப் பேசினேன். பனிமனிதன் என்று செல்லமாக அழைக்கப்படும் மூன்று பள்ளங்களின் படம் திரையில் வந்தது. மார்சியா, கல்பூர்னியா, மினுசியா என்ற பெயர்களைக் கொண்ட அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நடுவிலுள்ள கல்பூர்னியா சுமார் 50 கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது என்பதால், கிழக்கு மேற்காக அதே நீளமுள்ள நம் சிங்கப்பூர்த் தீவு முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, பள்ளம்னு சொல்றீங்க, எனக்கு மூணும் மேடாத் தெரியுதே. கம்ப்யூட்டர்ல வரைஞ்சவன் தப்பா வரைஞ்சுட்டான் போல" என்றார். அரங்கில் பலர் தலையசைத்தனர்; அவர்களுக்கும் மேடாகத்தான் தெரிந்திருக்கிறது.

நான் விளக்கம் சொல்லாமல் படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். பெரியவரின் பக்கத்தில் இருந்த பேத்தி, உயர்நிலைப்பள்ளி மாணவி, "தாத்தா, குழியாயிடுச்சு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். நம் கண் பிறந்தது முதல் மேலிருந்து விழும் வெளிச்சத்துக்குப் பழகியது. வெளிச்சம் கீழிருந்து வரும் படத்திலும் மேலிருந்து வருவதாகவே அது எடுத்துக்கொள்கிறது. டான் சென்றடைந்த 2011இல் வெஸ்டாவின் தென்பகுதியில் கோடைக்காலம். சூரியன் நடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுவாக விலகி நின்றது. வடக்கு மேலே இருக்குமாறு வைத்த படத்தில் வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும், பள்ளத்தின் மேல்பக்கச் சுவர் ஒளிரும், கீழ்ப்பக்கச் சுவர் நிழலில் இருக்கும். மேட்டுக்கு மேலிருந்து வெயில் விழுந்தாலும் இதே அமைப்புத்தான் கிடைக்கும் என்பதால் கண் மேடென்று முடிவு கட்டிவிடுகிறது.

பெரியவர் விடவில்லை. "திருப்பினா மாறுதுன்னா, அப்புறம் எதைத்தான் நம்புறது?" என்று கேட்டார். அன்று கேட்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்த கேள்வி அதுதான். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அளப்பதில்லை. படமெடுத்த கணத்தில் சூரியன் எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் கேமரா எங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தது என்பதும் ஒவ்வொரு படத்துடனும் பதிவாகியிருக்கும். ஒரே இடத்தை இருவேறு கோணங்களில் எடுத்து, இரண்டுக்கும் இடையிலான விலகலைக் கணக்கிட்டு உயரத்தைக் கண்டறிந்தார்கள். அந்தக் கணக்கில் கண்ணின் பழக்கத்துக்கு இடமே இல்லை. பெரியவர் முழுமையாக ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த படம் வந்ததும், "வெயில் எந்தப் பக்கம்?" என்று அவரே கேட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நிறத்தைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். அந்த உணரி வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும். அதன் முன்னே சுழலும் சக்கரத்தில் ஒரு தெளிவான கண்ணாடியும், நீல ஒளி முதல் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு வரை ஒவ்வொரு குறுகிய பட்டையை மட்டும் விடும் ஏழு வடிகட்டிகளும் இருந்தன. ஒரு பட்டையின் அளவை இன்னொரு பட்டையின் அளவால் வகுத்து, அந்த விகிதத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஒதுக்கியதே நீங்கள் பார்த்த படம். வெஸ்டாவின் தரையில் நிறைந்துள்ள பைராக்சீன் என்னும் கனிமம் 0.9 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை வலுவாக உறிஞ்சும். அதனால், அந்தப் பட்டையின் விகிதத்துக்குப் பச்சை ஒதுக்கிய அத்தகைய படத்தில் பச்சை மிகுந்த இடம் அந்தக் கனிமத்தின் அடையாளம் வலுவாக உள்ள இடம். அங்கே போய் நின்றால் பச்சையாக எதுவும் தெரியாது. சாம்பல் நிறத் தரைதான் தெரியும்.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நடந்த ஒரு கண்காட்சியில் அந்த வண்ணப்படத்தைச் சுவரளவுக்கு அச்சிட்டு, "வெஸ்டாவின் நிறங்கள்" என்று மட்டும் எழுதி மாட்டியிருந்தார்கள். வடிகட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை, அளவுக்கோல் இல்லை, வெயிலின் திசை இல்லை. ஏற்பாட்டாளர்களிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். பொதுமக்களுக்கு அவ்வளவு விவரம் தேவையில்லை என்று பதில் வந்தது. நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இரண்டு வரி விளக்கத்தை எடுத்துவிட்டு, பிறகு மக்கள் நம்பவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

முழு உருண்டையாகத் தெரியும் படம் பல படங்களை இணைத்துத் தைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2011இல் வடதுருவம் இருளில் கிடந்தது. 2012இல் சூரியன் வடக்கே நகர்ந்த பிறகுதான் அந்தப் பகுதியைப் படமெடுக்க முடிந்தது. இணைத்தது கணினிதான், ஆயினும் அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் கேமரா கண்டது. பின்னணியில் விண்மீன்கள் ஏன் இல்லை என்பதையும் சந்தேகமாகச் சிலர் எழுப்புகிறார்கள். வெயிலில் ஒளிரும் தரைக்கு ஏற்றபடி குறுகிய நேரமே ஒளியை உள்ளே விட்டால், மங்கலான விண்மீன்கள் பதிவாகாது.

இதெல்லாம் ஒரே நிறுவனம் சொல்வதுதானே என்று இன்னும் வாதிடுவோருக்கு: டான் ஏவப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1997இல், ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு வெஸ்டாவின் தென்பகுதியில் சுமார் 460 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் இருப்பதாக அறிவித்திருந்தார்கள். டான் நேரில் போய்ப் பார்த்தபோது அதே இடத்தில் சுமார் 500 கிலோமீட்டர் அகலத்தில் ரியாசில்வியா இருந்தது. அதன் அடியில் வெனெனியா என்ற இன்னொரு பழைய பெரும்பள்ளமும் இருந்தது. வெஸ்டாவின் சராசரி விட்டமே சுமார் 525 கிலோமீட்டர்தான். பூமியில் கிடைத்த ஒரு வகை விண்கற்களின் நிறமாலை வெஸ்டாவின் நிறமாலையுடன் பொருந்துவதை 1970இலேயே தரையிலிருந்து கண்டிருந்தார்கள். அந்தக் கற்கள் பல நாட்டு ஆய்வகங்களில் இருக்கின்றன.

மூலப் படங்கள் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி உள்ளன. உங்களுக்கு நேரம் இருந்தால் மார்சியா பள்ளத்தின் அடித்தரையிலிருந்து தொடங்குங்கள். வெயிலின் திசையைப் பார்த்து, தேவைப்பட்டால் படத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தரையில் விளிம்பு உயராத குழிகள் நெருக்கமாகத் தெரியும். மோதலின் வெப்பத்தில், தரைக்குள் கனிமங்களோடு பிணைந்திருந்த நீர் ஆவியாகி வெளியேறியதால் அவை உண்டாயின என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பெரியவை ஒரு கிலோமீட்டர் வரை அகலமுள்ளவை என்பதால் 680 கிலோமீட்டர் உயரத்துப் படத்திலேயே அகப்படும். சிறியவற்றைப் பார்க்க 210 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்ததைத் தேடி எடுங்கள்.