எச்.ஐ.வி.யும் உடம்பின் முதல் காவலும்: வாசகர் கேள்விகள்

எச்.ஐ.வி. நுழைந்ததும் உடம்பு சும்மா இருக்குமா? முதல் சில நாட்களில் என்ன நடக்கிறது?
– கல்லூரி மாணவி, திருச்சி

சும்மா இருக்காது. வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகச் சில வாரம் ஆகும். அதுவரை சண்டை போடுவது பிறவியிலேயே வந்த காவல்தான். வைரஸின் மரபுப் பொருளை மோப்பம் பிடித்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். அது அக்கம்பக்கத்துச் செல்களில் பல புரதங்களைத் தட்டி எழுப்பும். அவற்றில் அபோபெக்-3ஜி, வைரஸ் படியெடுக்கப்படும்போது மரபு எழுத்துகளை மாற்றி அந்தப் படியையே உதவாமல் செய்துவிடும். சாம்ஹெச்டி1, படியெடுக்கத் தேவையான மூலப்பொருளைக் குறைக்கும். டெதரின், செல்லை விட்டுக் கிளம்பும் வைரஸைத் தும்பில் கட்டிய கன்று போலச் சவ்விலேயே பிடித்து வைக்கும். தொற்றிய செல்களை என்.கே. செல்கள் என்ற ரத்த வெள்ளணுக்கள் தேடிக் கொல்லும்.

அப்புறம் ஏன் தொற்று நிலைக்கிறது? வைரஸும் ஆயுதத்தோடுதான் வருகிறது. அதன் விஃப் புரதம் அபோபெக்கை அழிக்கும். விபியு டெதரினை அகற்றும். ஆனாலும் பல சமயம் நம் காவல் வாசலிலேயே வென்றுவிடுகிறது. அதை நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு முறையில் தொற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குரங்குக்கு எச்.ஐ.வி. வராதாமே, அதை நமக்கு ஏற்ற முடியாதா?
– தேனி வாசகர்

ரீசஸ் குரங்கின் ட்ரிம்5ஆல்ஃபா என்ற புரதம், வைரஸின் உள்ளுறையைப் பற்றிக்கொண்டு வேலையைக் கெடுக்கிறது. 2004இல் கண்டுபிடித்தார்கள். நம்மிடமும் அது உண்டு, எச்.ஐ.வி.யிடம் வலு குறைவு. மரபணு மாற்றி மனித செல்லில் ஏற்றும் முயற்சி ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

எச்சில், கொசு மூலம் பரவுமா?
– பலர்

பரவாது. எச்சிலில் வைரஸ் மிகக் குறைவு, அதைத் தடுக்கும் புரதங்களும் உண்டு. கொசுவின் உடம்பில் எச்.ஐ.வி. பெருகாது. எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி சாப்பிடுகிறேன். உடம்பு தெம்பாக இருப்பதால் ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறேன். சரிதானே?
– பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்

சரியே இல்லை. நாளைக் காலையே உங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். திட்டுவார்களோ என்று பயப்படாதீர்கள், போங்கள். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் மறுபடி கிளம்பிவிடும். தெம்பு அதைக் காட்டாது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனைதான் காட்டும்.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ என்ற பேச்சே எனக்கு ஆறாத கோபம். எச்.ஐ.வி. குடியேறுவது எதிர்ப்பு செல்லுக்குள்தான். அந்தச் செல்லுக்கு சி.டி.4 என்று பெயர். தூண்டப்பட்டு விழித்திருக்கும் சி.டி.4 செல்லில் அது இன்னும் நன்றாகப் பெருகும். ஓயாமல் தூண்டப்படும் எதிர்ப்பாற்றலே உடம்பை அரிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்காபே குரங்குகளைப் பாருங்கள். அவற்றின் ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் குரங்கு உறவான எஸ்.ஐ.வி. ஏராளமாக இருக்கும், ஆனாலும் பெரும்பாலும் எய்ட்ஸ் வராது. அவற்றின் காவல் முதலில் எழுந்து, வேலை முடித்து, சில வாரத்தில் அடங்கிவிடுகிறது. நமக்கு அடங்குவதில்லை. அடங்காத அடுப்பில் இன்னும் விறகு வைப்பதா மருந்து?

ஏ.ஆர்.டி.யை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று 33 நாடுகளில் சுமார் 5,500 பேரிடம் பார்த்தார்கள். விடாமல் சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குச் சந்தர்ப்பவாதத் தொற்றோ (எதிர்ப்பு குறைந்ததும் தாக்கும் நோய்) மரணமோ நேரும் ஆபத்து இரண்டரை மடங்கு. 2006இல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இன்னொன்று. இப்படி விற்கும் பல பொடி, மாத்திரைகளில் துத்தநாகம், இரும்பு, கால்சியம் இருக்கும். ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ரவிர் என்ற மருந்து இவற்றோடு ஒட்டிக்கொண்டால் குடலில் சரியாக ஏறாது. என்னிடம் வந்த ஒருவர் ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை, வைரல் லோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பையைக் கொட்டச் சொன்னேன். மூன்று டப்பா சத்து மாத்திரை விழுந்தது. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஏ.ஆர்.டி.யை நிறுத்தாதீர்கள்.

சி.சி.ஆர்.5 மரபணு மாற்றம் எனக்கும் இருக்குமா?
– கோவை பொறியாளர்

எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு சி.சி.ஆர்.5; இந்த மாற்றம் இருந்தால் அந்தக் கதவு வேலை செய்யாது. வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவருக்கு அது இரட்டைப் பிரதியாக, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்ததாக இருக்கும். இந்தியர்களிடம் மிக அபூர்வம். எச்.ஐ.வி.யிலிருந்து முதலில் குணமான டிமொதி பிரவுனுக்கு பெர்லினில் 2007இல் அந்த மாற்றம் உள்ளவரின் ஸ்டெம் செல்லை வைத்தது அவருடைய ரத்தப் புற்றுநோய்க்காக. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை எச்.ஐ.வி.க்காக மட்டும் யாரும் செய்வதில்லை.

சி.டி.4 410. நல்லதா, கெட்டதா?
– கையெழுத்து மட்டும்

எப்போது எடுத்தது? முன்பு எவ்வளவு? மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வைரல் லோடு எவ்வளவு? ஒன்றும் எழுதாமல் ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்வது? முழு ரிப்போர்ட்டோடு எழுதுங்கள்.

நேற்று மருத்துவமனையில் ஊசி குத்திவிட்டது. உடம்பே வைரஸை அழித்துவிடுமா?
– செவிலியர்

தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசியாக இருந்தாலும் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றுகிறது. அந்த மூன்றில் நீங்கள் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தடுப்பு மாத்திரையை உடனே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உங்கள் கடிதம் என் கைக்கு வர நான்கு நாள் ஆனது. உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசி நேரில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் இதைக் கடிதத்தில் கேட்காதீர்கள். ஊசி குத்திய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.