இரவுச் சாப்பாட்டை விட்ட மகள்

கேள்வி: எனக்கு வயது 39. எங்கள் பதினைந்தாவது திருமண நாளுக்குக் கணவருக்குப் பரிசளிக்க, படுக்கையறை அலங்காரத்தில் எடுக்கும் ‘பூடுவார்’ போட்டோ ஷூட்டுக்குச் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் முன்பணம் கட்டியிருக்கிறேன். அவருக்குத் தெரியாது. சிசேரியனுக்குப் பிறகு தொங்கிய வயிறு இன்னும் குறையவில்லை. மூன்று வாரமாக இரவில் வெள்ளரிக்காயும் எலுமிச்சைச் சாறும்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் எனக்குத் துணையாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். மீதமுள்ள ஐந்து வாரத்தில் வயிற்றைக் குறைப்பது எப்படி? கேமரா முன் கூச்சம் போக என்ன வழி?
– கோவை வாசகி

பதில்: வளரும் பெண் ஒருத்தி மூன்று வாரமாக இரவில் சாப்பிடாமல் படுக்கிறாள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் வயிற்றைக் குறைக்க வழி கேட்கிறீர்கள். அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அவள் யாரைப் பார்த்து இதைக் கற்றாள் என்று யோசித்தீர்களா? நீங்கள் கண்ணாடி முன் நின்று வயிற்றை எக்கிப் பார்ப்பதையும், இடுப்புச் சதையைக் கிள்ளி முகம் சுளிப்பதையும் அவள் பார்த்திருப்பாள். தன்னைச் சுமந்த வயிற்றையே அம்மா வெறுக்கிறாள் என்றால், அதே சாயலில் வளர்ந்து வரும் தன் உடம்பைப் பற்றி அவள் என்ன நினைப்பாள்? உடல் எடையைப் பற்றி இந்த வயதில் மனதில் பதிந்துவிடும் அருவருப்பைப் பின்னால் எந்த மருத்துவராலும் எளிதில் எடுத்துவிட முடியாது.

பெண்களின் எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு தொடங்கும் பருவத்தில் இரும்புச்சத்தின் தேவையும் கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சேர உங்கள் மகளுக்கு நீங்களே வழிகாட்டுகிறீர்கள். அவள் சாப்பிட்டாளா என்று பார்ப்பது தாய் தகப்பன் இருவருக்கும் முதல் கடமை. அதற்குப் பிறகுதான் திருமண நாளும் பரிசும். இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள். ‘நீ சாப்பிடு, எனக்குப் பசியில்லை’ என்று சொல்லிப் பரிமாறினால் அவள் உங்கள் பேச்சை விட்டுவிட்டு உங்கள் தட்டைத்தான் பார்ப்பாள். நான் செய்தது தவறு என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையிடம் அப்படிச் சொல்வதால் தாயின் மதிப்பு குறையாது.

கணவரிடமும் சொல்லிவிடுங்கள். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் இந்தப் பட்டினிக்கு வீட்டில் வேறு காரணம் சொல்லி வந்திருப்பீர்கள். அவரும் அதை நம்பி, மகள் சாப்பிடாததைக் கேட்காமல் இருந்திருப்பார். ஆல்பத்தில் என்ன இருக்கும் என்பது அவருக்கு ஆச்சரியமாகவே இருக்கட்டும். ஆனால் இப்படிப்பட்ட படங்கள் எடுக்கப்போவது தெரிந்திருந்தால்தான், பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் அவர் உங்கள் பக்கத்தில் நிற்க முடியும்.

படம் எடுப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. நாற்பதை நெருங்கும் மனைவி தன் உடம்பைக் கணவருக்காகவும் தனக்காகவும் அழகாகப் பார்க்க விரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டினியால் முதலில் இறங்குவது பெரும்பாலும் நீர் எடைதான். அது சாப்பிடத் தொடங்கியதும் திரும்பிவிடும். தழும்புள்ள வயிற்றுக்குப் பெரிய ஜன்னலிலிருந்து வரும் மென்மையான வெளிச்சமும், மேலே படரும் ஒரு துணி மடிப்பும் செய்வதை ஐந்து வாரப் பட்டினி செய்யாது. முதுகை வளைத்தும் முழங்கையில் ஊன்றியும் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டிய வேலை இது; வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றும். அன்று காலை இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வாக்ஸிங், த்ரெடிங் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். புதிய கிரீம், பிளீச் எதையும் அந்த வாரம் முகத்தில் வைக்காதீர்கள். இறுக்கமான எலாஸ்டிக் பதிந்த தடம் மறைய நேரமாகும் என்பதால், தளர்ந்த உடையில் கிளம்புங்கள்.

கூச்சம் ஒரே நாளில் போகாது. அன்று உடுத்தப்போகும் உடையை இப்போதிருந்தே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் அணிந்து பழகுங்கள். ஒருநாள் நேரில் போய், சேலையிலேயே நாலைந்து படம் எடுத்துப் பாருங்கள். அந்த ஒளிப்படக்காரர் பேசும் விதம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள். நம்பிக்கையான தோழி ஒருத்தி கூட இருக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத ஸ்டூடியோ வேண்டாம்.

படம் எடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்: அறையில் யார் யார் இருப்பார்கள், யார் எடிட் செய்வார்கள், ஸ்டூடியோவின் விளம்பரத்தில் ஒரு படம்கூட வராது, ஆல்பம் கைக்கு வந்ததும் மூலப்படங்கள் எந்தத் தேதிக்குள் அழிக்கப்படும். படங்களை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லாமல் பென் டிரைவில் வாங்குங்கள். எடுக்கச் சம்மதித்த படமானாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குற்றம். அப்படி நடந்தால் பயந்து ஒளியாமல் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இடுப்பை எடிட்டிங்கில் ஒல்லியாக்கக் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே சேருங்கள். உங்கள் கணவருக்குத் தெரிந்த உடம்பு அதுதான்.

இரண்டு வாரம் மகளைக் கவனியுங்கள். இரவில் அவள் பழையபடி சாப்பிடாவிட்டாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய் நெடுநேரம் இருந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஸ்டூடியோவுக்குப் போன் செய்து தேதியைத் தள்ளி வையுங்கள். பதினைந்தாவது திருமண நாள் ஆல்பம் இல்லாமல் கடந்தால் உங்கள் கணவர் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.