அப்பப்பா இறந்ததை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

‘அப்பப்பா வெளிநாடு போயிட்டார்’ என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறோம், செத்தவீட்டிலும் அவனை நிற்க விடவில்லை, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. நாங்களும் அதே பிழையை விட்டவர்கள்தான்.

என் அப்பா போனபோது மகளுக்கு ஐந்து வயது. விறாந்தையில் பெட்டி இருக்க, அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு எல்லாருமாகச் சேர்ந்து அந்த வெளிநாட்டுக் கதையைச் சொன்னோம். வேறு ஊரில் இது எடுபடுமோ என்னவோ, யாழ்ப்பாணத்தில் வெளிநாடு போனவர் திரும்பி வருவாரே! நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வந்து இறங்கியது, பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவள் அவர்கள் வந்த வானுக்குள் ஏறி ஒவ்வொரு சீற்றாகப் பார்த்துவிட்டு வந்து, “அப்பப்பா இன்னும் இறங்கேல்லையோ?” என்றாள்.

அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். மரியா நாகி என்பவர் ஹங்கேரிப் பிள்ளைகளோடு பேசி 1948இல் எழுதிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பலர் சாவை ஒரு பயணம் போலவும் நித்திரை போலவும்தான் விளங்கிக்கொள்கிறார்கள் என்கிறார். அந்த விளக்கத்துக்கு நாங்களே தீனி போட்டிருக்கிறோம். ‘நித்திரையாகிட்டார்’ என்றும் சொல்லாதீர்கள், படுக்கப் போகவே பயப்படத் தொடங்கும். “அப்பப்பா செத்துப்போனார், இதயம் நிண்டுட்டுது, இனி மூச்சு விடமாட்டார், அவருக்கு நோகாது, பசிக்காது, திரும்பி வரமாட்டார்” என்று நேராகச் சொல்லுங்கள். நாளைக்கும் அதையே கேட்பான், அலுக்காமல் அதையே சொல்லுங்கள். தான் குழப்படி செய்ததால்தான் போய்விட்டாரோ என்று சில பிள்ளைகள் மனதுக்குள் வைத்திருக்கும், அதனால் கேட்காவிட்டாலும் ‘உன்னால இல்லை’ என்று ஒருதரம் சொல்லிவிடுங்கள்.

செத்தவீடு முடிந்ததென்றால் என்ன, 31ஆம் நாள் கிரியை இன்னும் இருக்கிறதே. அவனுக்கு விருப்பமென்றால் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே என்ன நடக்கும், ஆர் அழுவார்கள் என்று முதலே சொல்லி, ஒரு பெரியவரை அவனோடேயே நிற்க விடுங்கள். நான் ஆறு வயதில் என் அப்பப்பாவுக்கு நெய்ப்பந்தம் பிடித்தேன். துணி சுற்றிய குச்சி, கையில் சூடாக ஒழுகிய நெய், பின்னால் தோளைப் பிடித்தபடி நின்ற மாமா, இவ்வளவும்தான் ஞாபகம். பயந்த ஞாபகம் இல்லை.

அழுதுவிட்டு அடுத்த நிமிடம் விளையாடப் போகிறானே என்று யோசிக்காதீர்கள். துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான்: துக்கத்துக்குள் போவதும் அதை விட்டு வெளியே வருவதுமாகத்தான் மனம் ஆடும். என் அம்மாவும் அப்படித்தான். நாலு மணிக்கு ரெண்டு தேத்தண்ணி ஊற்றிவிட்டு ஒன்றைப் பார்த்து அழுவார், அடுத்த நிமிடம் முற்றத்தில் கோழி கலைத்துக்கொண்டு நிற்பார். துக்கத்துக்கு எல்லாரும் சொல்லும் அந்த ஐந்து கட்டங்கள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் சாகக் கிடந்த நோயாளிகளைக் கேட்டு எழுதியவை, அதை வைத்து வீட்டில் இருப்பவர்களுக்குப் புள்ளி போட வேண்டாம். பதினான்கு வயது அண்ணன் ஒருவன் கதவைப் பூட்டிக்கொண்டு போனோடு கிடந்தால் அவனுக்குத் துக்கம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

திருவிழா முடிந்த கிழமை, அப்பாவின் சைக்கிள் நின்ற கொட்டிலடியில் வைத்து மகளுக்கு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அப்ப இந்தச் சைக்கிளை இனி ஆர் ஓடுறது?” என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.