டொர்னேடோ வார்னிங் வந்தால் குடும்பத்தோடு எங்கே ஒதுங்குவது? (கேள்வி பதில்)

கேள்வி: டெக்சஸுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். போனில் ஒரு நாள் வாட்ச் என்கிறது, ஒரு நாள் வார்னிங் என்கிறது. எதற்கு ஒதுங்க வேண்டும்?

பதில்: வார்னிங்குக்கு. உடனே. வாட்ச் என்றால் டொர்னேடோ (மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் கடும் காற்று) உருவாகத் தோதான வானிலை. பல கவுண்டிகளுக்குச் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்த்து, சில மணி நேரத்துக்கு விடுவார்கள். அப்போது போனை சார்ஜ் போடுங்கள், ஒதுங்கப் போகும் இடத்தில் அடைந்து கிடக்கும் பெட்டிகளை வெளியே எடுங்கள். வார்னிங் வந்தால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். கையில் இருப்பது சில நிமிடங்கள். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்காதீர்கள். மழைக்குள் மறைந்து வருவது பக்கத்தில் வரும்வரை தெரியாது.

கேள்வி: மாடி வீடு, பேஸ்மென்ட் இல்லை. 5 வயதுப் பையனும் 8 மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். எந்த அறை?

பதில்: கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் இருக்கும் சின்ன அறை. மாடிப்படிக்குக் கீழே உள்ள க்ளாசெட் கிடைத்தால் நல்லது. பாத்ரூமுக்கு வெளிச்சுவர் இருந்தால் அதைவிட நடுக் காரிடார் மேல். கராஜ் வேண்டவே வேண்டாம். அதன் பெரிய கதவு சீக்கிரம் வளைந்து கொடுத்துவிடும். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் பொருள்கள்தான். அதனால் தலைதான் முக்கியம். எல்லோருக்கும் சைக்கிள் ஹெல்மெட் போடுங்கள். சுவரைப் பார்த்து முழங்காலிட்டுக் குனிந்து, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, மேலே மெத்தையோ கனத்த போர்வையோ இழுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை இன்ஃபன்ட் கார் சீட்டில் பெல்ட் மாட்டியே கொண்டு போங்கள். எவ்வளவு இறுக்கி அணைத்தாலும் அந்தக் காற்றில் கை நழுவும். கனத்த அடி வைத்த ஷூ, ஒரு விசில், டார்ச் மூன்றும் அந்த அறையிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். பிறகு வெளியே நடக்கப் போவது கண்ணாடியும் ஆணியும் சிதறிய தரையில்.

பெரியவனை முன்பே இரண்டு மூன்று முறை ஒத்திகைக்குக் கூட்டிப் போய்ப் பழக்குங்கள். நிஜத்தில் அவனைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கேள்வி: அழுத்தம் சமமாக ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்கிறார்களே?

பதில்: தவறு. வீடு உடைவது காற்றின் வேகத்தாலும் இடிபாடுகள் மோதுவதாலும்தான். திறந்தால் காற்றை நீங்களே உள்ளே விடுகிறீர்கள். அதோடு, பதுங்க வேண்டிய நேரத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். பேஸ்மென்ட்டில் தென்மேற்கு மூலைதான் பத்திரம் என்பதும் அப்படிப்பட்ட பழைய நம்பிக்கைதான். மேல்தளத்தில் ஃபிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதற்கு நேர் கீழே மட்டும் உட்காராதீர்கள்.

கேள்வி: மூன்றாம் மாடி அபார்ட்மென்ட். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்கவே நேரமாகும்.

பதில்: அப்படியானால் உங்களுக்கு வாட்ச்தான் வார்னிங். கீழ்த்தளத்தில் இருப்பவர்களிடம் இன்றே பேசி வையுங்கள். வாட்ச் வந்ததும் அம்மாவை அங்கே உட்காரவைத்துவிடுங்கள். லிஃப்டை நம்ப வேண்டாம், கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடும். இறங்கவே முடியாமல் போனால் உங்கள் மாடியிலேயே நடுவில் உள்ள பாத்ரூம் அல்லது க்ளாசெட்.

மொபைல் ஹோமில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு. அது கம்பியால் தரையோடு கட்டியிருந்தாலும் தாங்காது. வாட்ச் வந்தவுடன் உறுதியான கட்டடத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: காரில் போகும்போது வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் நிற்கலாமா?

பதில்: கூடாது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். பாலத்தடி இடுக்கில் காற்று இன்னும் வேகம் எடுக்கும். பக்கத்தில் உறுதியான கட்டடம் இருந்தால் அங்கே போங்கள். வழியே இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றாமல், தலையை ஜன்னல் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்து மூடிக்கொள்ளுங்கள். சாலையைவிட நன்றாகத் தாழ்ந்த பள்ளம் பக்கத்தில் இருந்தால் அதில் குப்புறப் படுக்கலாம். தண்ணீர் ஓடினால் வேண்டாம்.

கேள்வி: இரவு சைரன் காதில் விழுவதில்லை.

பதில்: சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. நோவா வானிலை ரேடியோ (அமெரிக்க அரசின் வானிலை எச்சரிக்கைகளைச் சொல்லும் ரேடியோ) ஒன்று வாங்கி, உங்கள் கவுண்டியின் 6 இலக்க எண்ணைப் பதியுங்கள். பதியாவிட்டால் பக்கத்துக் கவுண்டிகளுக்கெல்லாம் அலறும், ஒரு வாரத்தில் நீங்களே அணைத்துவிடுவீர்கள். பேட்டரியும் போட்டு வையுங்கள்.

கேள்வி: கராஜில் இரும்பு சேஃப் ரூம் (டொர்னேடோவைத் தாங்கும் பெட்டி போன்ற சின்ன அறை) வைக்க நினைக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கராஜ் வேண்டாம் என்றது சாதாரண கராஜுக்கு, சேஃப் ரூம் தனியாகவே நிற்கும்படி கட்டப்படுவது. மணிக்கு 250 மைல் காற்றுக்கு வடிவமைத்ததா, 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் எறிந்து சோதித்ததா என்று கேளுங்கள். சுவரை மட்டும் சோதித்தால் போதாது, கதவும் தாழ்ப்பாளும் சேர்த்துச் சோதித்திருக்க வேண்டும். அடுத்தது தரை: மெல்லிய, விரிசல் விட்ட கான்கிரீட்டில் போல்ட் பிடிக்காது, பெட்டியோடு பெயர்ந்துவிடும். கதவு உள்பக்கமாகத் திறப்பது நல்லது. வெளியே இடிபாடு குவிந்தாலும் திறக்கலாம்.

கேள்வி: எப்போது வெளியே வரலாம்?

பதில்: வார்னிங் முடிந்த பிறகு. ஒன்று கடந்ததும் இன்னொன்று வரலாம். கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிப் போய், தள்ளி நின்று 911-ஐக் கூப்பிடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொடவோ தாண்டவோ வேண்டாம்.