சாக்கடைக்கு ஒரு ஆபீஸ், தெருவிளக்குக்கு இன்னொரு ஆபீஸ்

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நடாலில், ஸ்டேஞ்சரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சாட்ஸ்வொர்த்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் மாமனார் வீட்டுக்குக் குடிவந்தோம், அங்கிள். வாசலுக்கு எதிரே மேன்ஹோல் மூன்று வாரமாக வழிகிறது. முனிசிபாலிட்டிக்கு இரண்டு தடவை போனேன், 'அது எங்களுடையது இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை. பக்கத்துக் காலிமனையில் புதர் மண்டிப் பாம்பு வருகிறது. தண்ணீர் பில் மாதம் 600 ராண்டுக்கு மேல் போனதில்லை, இந்த மாதம் 4,100. வார்டு கவுன்சிலருக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. யாரிடம்தான் போவது?"

கவுன்டரில் இருந்தவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை மா. ஆனால் பாதியைத்தான் சொன்னார். "எங்களுடையது இல்லை" என்றவர், "மாவட்ட ஆபீசுடையது" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். வடகடற்கரையில் ஒரு நகராட்சியின் விசாரணை மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது அங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிடும், நானும் நிறுத்தியிருக்கிறேன்.

குழப்பம் எங்கே என்றால், நீங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தவர். அது டர்பனின் ஈத்தெக்வினி மெட்ரோ, அதாவது பெருநகர நகராட்சி. தண்ணீர், சாக்கடை, குப்பை, கரண்ட், ரேட்ஸ் என்கிற சொத்துவரி எல்லாம் ஒரே நிர்வாகம். ஸ்டேஞ்சர் மெட்ரோ கிடையாது. அங்கே கீழே க்வாடுகுசா உள்ளூர் நகராட்சி, அதற்கு மேலே இலெம்பே மாவட்ட நகராட்சி என்று இரண்டு அடுக்கு. 2021 நவம்பர் 1 உள்ளாட்சித் தேர்தலில் உங்களுக்குச் சாட்ஸ்வொர்த்தில் இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்திருப்பார்கள், மாமனாருக்கு ஸ்டேஞ்சரில் மூன்று. அந்த மூன்றாவது சீட்டு மாவட்டக் கவுன்சிலுக்கு. வீட்டு வாசலில் அதன் அர்த்தம் இதுதான்: தண்ணீரும் சாக்கடையும் இலெம்பேயின் பொறுப்பு. கரண்ட், தெருவிளக்கு, குப்பை, உள்தெருக்கள், மழைநீர் வடிகால், காலிமனைத் தொல்லை எல்லாம் க்வாடுகுசாவின் பொறுப்பு. பல்லிட்டோ பக்கம் போனால் இதிலும் ஒரு கிளை உண்டு, அங்கே தண்ணீர் விநியோகத்தை ஒரு தனியார் கம்பெனி நீண்டகால ஒப்பந்தத்தில் நடத்துகிறது. என்2 நெடுஞ்சாலையில் பள்ளம் என்றால் இந்த இருவருமே இல்லை, அது தேசிய சாலை நிறுவனம்.

சரி, மேன்ஹோலுக்கு வருவோம். முதலில் அது சாக்கடையா மழைநீர் வடிகாலா என்று நீங்களே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் போனில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான், தப்பாகச் சொன்னால் தப்பான ஆபீசுக்குப் புகார் போய்ச் சேரும். சாலையோரத்தில் திறந்த வாயோடோ கம்பித் தட்டோடோ இருப்பது மழைநீர் வடிகால், மழை விட்டால் அதுவும் நின்றுவிடும். கனமான மூடி போட்டு, சாம்பல் நிறத் தண்ணீர், நாற்றம், மழையே இல்லாத நாளிலும் காலையில் எல்லோரும் குளிக்கிற நேரத்தில் அதிகமாக வழிகிறது என்றால் சாக்கடை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது சாக்கடைதான், ஆகவே இலெம்பே.

மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். வழிகிறபோது பத்து நொடி வீடியோ எடுங்கள், வீட்டு எண்ணும் தெருப் பெயரும் பின்னால் தெரிகிற மாதிரி. போன் செய்து புகார் கொடுத்ததும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காமல் வைக்காதீர்கள். "சொல்லிவிடுகிறேன் அக்கா, ஆள் வரும்" என்றால் புகார் எங்கும் பதிவாகவில்லை என்று அர்த்தம். நம்பர் இல்லாத புகாருக்கு வேலைச்சீட்டு கிடையாது, வேலைச்சீட்டு இல்லாமல் லாரி கிளம்பாது. எங்கள் மேசைக்கு ஒரு ஆயா வருவார், பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் துணிப்பையில் வைத்திருப்பார், அதில் தேதி, மணி, போனில் பேசியவர் பெயர், நம்பர் எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார், நோட்டைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். கத்துகிறவர்களை நாங்கள் சமாளித்துவிடுவோம், அந்த நோட்டைச் சமாளிக்க முடிந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மழை பெய்கிற நாட்களில் வழிவது இரண்டு மடங்காகிறது என்றால், தெருவில் யாரோ கூரைத் தண்ணீர்க் குழாயைச் சாக்கடையில் சேர்த்திருக்கிறார்கள். அது சட்டப்படி கூடாது, ஆனால் பழைய வீடுகளில் சர்வசாதாரணம். மாமனார் வீட்டுக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று முதலில் பார்த்துவிட்டுப் புகார் செய்யுங்கள். அப்புறம் அந்த எண்ணெய். கல்யாணத்துக்கும் நாற்பதாம் நாளுக்கும் பிரியாணி அண்டாவைப் பின்வாசலில் கழுவி ஊற்றுகிறோமே, சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடுகிற அந்த நெய்யெல்லாம் குழாய்க்குள் ஆறி மெழுகாக இறுகிக்கொள்ளும். அடைப்பு எடுக்க வந்தவர்கள் இழுத்துப்போட்ட கட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக, கையகலத்துக்கு. அடைப்பு உங்கள் மனைக்குள்ளேயே இருந்தால் பிளம்பர் செலவு உங்களுடையது, தெருப்பக்கம் என்றால் அவர்களுடையது.

இனி 4,100 ராண்ட் பில். இது சாக்கடையை விட அவசரம், ஏனென்றால் கட்ட வேண்டிய தேதி ஓடிக்கொண்டிருக்கிறது. பில்லில் ரீடிங் பக்கத்தில் 'எஸ்டிமேட்' என்று போட்டிருக்கிறதா, 'ஆக்சுவல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எனக்குத் தெரிந்து இப்படித் திடீரென்று எகிறுகிற பில்லுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, ஐந்தாறு மாதம் யாரும் மீட்டர் பார்க்காமல் குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டுவிட்டு, ஒருநாள் நிஜ ரீடிங் எடுத்ததும் பாக்கி மொத்தத்தையும் ஒரே மாதத்தில் ஏற்றுவது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது, அதிகம் செலவாக ஆக ஒரு கிலோலிட்டரின் விலையே கூடும், ஆகவே ஆறு மாதத் தண்ணீரை ஒரு மாதத்தில் குவித்தால் நியாயமானதை விட அதிகம் கட்டுகிறீர்கள். அதை அந்தந்த மாதத்துக்குப் பிரித்துக் கணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு காரணம் கசிவு. ராத்திரி படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைப் போட்டோ எடுங்கள், காலையில் யாரும் கழிவறைக்குப் போவதற்கு முன் இன்னொரு போட்டோ. கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, கழிவறைத் தொட்டியில் முதலில் தேடுங்கள்.

அப்புறம் இலெம்பேயிடம் எழுத்தில் தகராறு பதிவு செய்யுங்கள். 2000ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம், 102ஆம் பிரிவு: ஒரு குறிப்பிட்ட தொகையைப் பற்றித் தகராறு இருக்கும்போது அந்தத் தொகைக்காக வசூல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. 'குறிப்பிட்ட தொகை' என்பதுதான் முக்கியம். உங்கள் சாட்ஸ்வொர்த்தின் குரோஃப்ட்டீன் மால்காரர்களே ஈத்தெக்வினியோடு வழக்காடி 2011இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். தகராறு என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தக் கட்டணம், எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். அதனால் "பில் தப்பு" என்று எழுதாதீர்கள். "என் மாதச் சராசரி 600, அதை இன்று கட்டிவிட்டேன், ரசீது இதோ, மிச்சம் 3,500 ராண்டை இன்ன காரணத்தால் ஏற்கவில்லை" என்று எழுதுங்கள், போட்டோக்களைச் சேருங்கள். அந்த 600ஐ மட்டும் கட்டாமல் விடாதீர்கள், அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு மாமனார் பெயரில்தானே இருக்கும்? அப்படியென்றால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய ஐடி நகலும் இல்லாமல் கவுன்டரில் உங்களோடு பேசவே மாட்டார்கள். அதையும் சொல்லாமல் திருப்பி அனுப்புவார்கள்.

தெருவிளக்கு எளிது. க்வாடுகுசாவின் மின்சாரப் பிரிவுக்குக் கம்பத்தின் எண்ணைக் கொடுங்கள், வீட்டு எண்ணை அல்ல. எண் கம்பத்திலேயே இருக்கும், தகடாகவோ பெயின்ட்டாகவோ. என் தெருவில் விளக்கு போனபோது நானே வீட்டு எண்ணைத்தான் கொடுத்தேன், அத்தனை வருஷம் மேசையில் உட்கார்ந்தும் அந்தப் புத்தி! இரண்டு வாரத்தில் 'வேலை முடிந்தது' என்று எஸ்எம்எஸ் வந்தது, என் விளக்கு இருட்டாகவே இருந்தது, நாலு வீடு தள்ளி நன்றாக எரிந்துகொண்டிருந்த கம்பத்துக்குப் புது பல்பு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கவுன்சிலரைப் பற்றி. அவர் பதில் போடாதது சரியில்லை, ஆனால் அவருக்கு லாரியும் கிடையாது, பிளம்பரும் கிடையாது. கவுன்சிலில் கேள்வி கேட்கிற ஆள் அவர். "மேன்ஹோல் வழிகிறது, பாருங்கள்" என்று அனுப்பினால் அவர் அதை வேறு வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிடுவார். "இலெம்பேயில் இன்ன தேதியில் இன்ன நம்பரில் புகார், மூன்று வாரமாயிற்று, மாவட்டத்தில் எழுப்புங்கள்" என்று அனுப்பினால் அவருக்கும் கையில் ஏதோ இருக்கும். வார்டுக் கமிட்டி என்று ஒன்று உண்டு, கவுன்சிலர் தலைவர், கூடப் பத்துப் பேர் வரை. அவர்களில் யார் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று விசாரியுங்கள், கோயில் கமிட்டியில் கேட்டாலே தெரிந்துவிடும், பெரும்பாலும் இரண்டிலும் அதே முகங்கள்தான்.

அதற்கும் அசையவில்லை என்றால் இலெம்பேயின் முனிசிபல் மேனேஜருக்கு நேரே மின்னஞ்சல், கவுன்சிலருக்கு நகல். இரண்டு பத்தி போதும். அதே சிஸ்டம்ஸ் சட்டத்தின் 5ஆம் பிரிவு, புகார் கொடுக்கவும் தாமதமில்லாமல் பதில் பெறவும் ஊர்மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது, அந்தப் பிரிவு எண்ணை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அதற்குப் பிறகு, அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கிற பப்ளிக் புரொடெக்டர் அலுவலகம், கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். அங்கே முதலில் கேட்பது "நகராட்சியிடம் எழுதிக் கொடுத்தீர்களா, காட்டுங்கள்" என்பதைத்தான். நோட்டு அங்கேயும் உதவும்.

உங்கள் தெருவின் சாக்கடைக் குழாயே பழசு, மாற்றத்தான் வேண்டும் என்று தெரியவந்தால், அது புகாரில் தீராது, பட்ஜெட்டில்தான் தீரும். நகராட்சிக் கணக்கு வருஷம் ஜூலை 1இல் தொடங்குகிறது, வரைவு பட்ஜெட்டை மார்ச் மாதக் கடைசிக்குள் வைத்தாக வேண்டும், ஜூனுக்கு முன் நிறைவேற்றப் பார்ப்பார்கள். இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிற பொதுக்கூட்டத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். உங்களுக்கு இலெம்பே நடத்துகிற கூட்டம்தான் வேண்டும், க்வாடுகுசாவின் கூட்டத்துக்குப் போய்ச் சாக்கடைக் குழாய் கேட்காதீர்கள்.

காலிமனைக்கு: ரேட்ஸ் கட்டுகிற சொந்தக்காரர் யார் என்பது க்வாடுகுசாவுக்குத் தெரியும். மனையின் எர்ஃப் எண்ணை, அதாவது பதிவேட்டில் உள்ள மனை எண்ணைக் கொடுத்தால் அவருக்கு நோட்டீஸ் போகும், அவர் வெட்டவில்லை என்றால் நகராட்சியே வெட்டிவிட்டுச் செலவை அவர் கணக்கில் ஏற்றலாம். எர்ஃப் எண் தெரியாவிட்டால் உங்கள் ரேட்ஸ் பில்லில் உங்கள் எண்ணைப் பார்த்து, 'இதற்கு இடப்பக்கம்' என்று எழுதுங்கள், வரைபடத்தில் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஆனால் நோட்டீஸ் அவகாசம் முடிய வாரங்கள் ஆகும், நம் கடற்கரையில் மாம்பாவும் விஷம் துப்பும் நாகமும் உண்டு. அதுவரை பிள்ளைகளை அந்தச் சுவர்ப்பக்கம் விடாமல், ஊரில் பாம்பு பிடிக்கிறவர் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.