விமானப்படைத் தேர்வு: மறுமுறை எழுதலாமா?

கேள்வி: விமானப்படை அதிகாரி ஆவதற்கான ஏஎஃப்கேட் தேர்வில் 88 கேள்விகளுக்கு விடையளித்தேன். 56 சரி, ஆனாலும் கட்‑ஆஃப் எட்டவில்லை. மறுபடி எழுதலாமா? விமானித் திறன் தேர்வுக்கும் மறுவாய்ப்பு உண்டா?
– வாசகர், தக்கலை

பதில்: தாராளமாக எழுதலாம், தம்பி. ஆண்டுக்கு 2 முறை நடக்கிறது. பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது.

உங்களைக் கவிழ்த்தது அந்த 32 தவறுகள்தான். சரிக்கு 3, தவறுக்கு கழித்தல் 1. ஆக 168 போய் 136 ஆகிவிட்டது. நான்கு விடைகளில் குருட்டடி அடித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையையாவது உறுதியாக விலக்க முடிந்தால் மட்டும் துணியுங்கள். 2 மணி நேரத்தில் 100 கேள்விகள். கணக்கில் முடங்காமல் ஆங்கிலத்தையும் ரீசனிங்கையும் முதலில் முடியுங்கள்.

சிபிஎஸ்எஸ் எனும் விமானித் திறன் தேர்வோ வாழ்நாளில் ஒரே முறை. தவறினால் பறக்கும் பிரிவு போயிற்று. அதில் வரும் ஆல்டிமீட்டரில் (உயரங்காட்டும் கருவி) நீண்ட முள் நூறு அடிகளையும் குட்டை முள் ஆயிரத்தையும் காட்டும்; அவசரத்தில் பலர் மாற்றிப் படிக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்கை வெடுக்கென்று இழுப்பது இன்னொரு பிழை. சிறு சிறு அசைவே போதும். நாகர்கோவிலிலேயே கால் நீளத்தை அளந்துவிடுங்கள்: விமானிக்கு 99 முதல் 120 செ.மீ. வேண்டும்.