நர்சம்மாவைக் கேளுங்கள்: விடுமுறைக்குக் கிராமமா, ஐசியூவா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாத விடுமுறையில் கிராம சுகாதாரப் பணியில் பயிற்சி எடுக்க ஆசை. தோழிகளோ, "ஐசியூவில் நின்றாலாவது வேலைக்கு உதவும், கிராமத்தில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். எங்கே கேட்பது? என்ன செய்ய விடுவார்கள்?
- ஒரு மாணவி, கரூர்

பதில்: ஐசியூ எங்கேயும் ஓடிவிடாது கண்ணு. படிப்பு முடிவதற்குள் அங்கே நின்று நின்று கால் வீங்கப்போகிறது. மேயில் கிராமத்துக்கே போ.

ஆனால் ஜீப்பில் ஏற்றி நாளுக்கொரு ஊர் காட்டும் பயிற்சி என்றால் வேண்டாம். ஒரே துணை சுகாதார நிலையம், முடிந்தால் ஒரே தெரு, நாலு வாரமும். நான் படிக்கும்போது ஒரு கர்ப்பிணி வீட்டுக்கு அனுப்பினார்கள். "சத்து மாத்திரை சாப்பிடறியா?" என்றேன். "சாப்பிடறேன் சிஸ்டர்." நோட்டில் டிக். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், இன்னொரு டிக். மூன்றாம் முறை போனபோது அவள் திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். அரைப் படி ஆனதும் எழுந்துபோய் ஒரு மஞ்சள்தூள் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். அத்தனை மாத்திரையும் அட்டையோடு அப்படியே! "பிள்ளை பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்னு அத்தை சொல்லுது." போதாததற்கு, முதல் இரண்டு நாள் சாப்பிட்டபோது மலம் கறுப்பாகப் போனதில் பயந்தும் போயிருக்கிறாள். இரும்புச் சத்து மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. மாமியாரிடம் பேச இன்னும் இரண்டு நடை ஆனது.

சரி, உன்னை என்ன செய்ய விடுவார்கள்? தனியாக ஊசி போட விடமாட்டார்கள், விடவும் கூடாது. புதன்கிழமை தடுப்பூசி நாளில் அந்த நிலையத்துக் கிராம சுகாதார செவிலியர் சிஸ்டரோடு நில். மருந்துக்குச் சூடு பட்டதைக் காட்ட குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்: உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி ஒதுக்கப்பட வேண்டியது. அப்புறம், வராத குழந்தையைத் தேடி வீட்டுக்குப் போ. பாதிப் பேர் 'அம்மா வீட்டுக்குப் போயிருக்கா' கணக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளின் பெயர் மாமியார் ஊர்ப் பட்டியலில் இருக்கும், குழந்தை வேறு ஊரில் இருக்கும். அந்த ஊர் சிஸ்டருக்குப் போன் போட்டு அடுத்த ஊசிக்கு வழி பண்ணுவதும் வேலைதான். நூறு நாள் வேலை நடக்கிற நாளில் பத்து மணிக்குப் போனால் பூட்டைத்தான் பார்ப்பாய். காலை ஏழு மணி, இல்லையென்றால் சாயங்காலம்.

ஒருநாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்காவோடும் நட. 2021 ஆகஸ்ட் 5-ல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். போன தடவை கொடுத்ததில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்.

அனுமதிக்குக் கல்லூரி முதல்வர் கடிதத்தோடு மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தில் கேள். மார்ச்சிலேயே கேட்டுவிடு. வெளியே போக வீட்டில் சம்மதித்தால், வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி கே.வி.குப்பத்தில் நடத்தும் ரூஷா என்ற கிராம சுகாதார மையம், தருமபுரி சிட்டிலிங்கியின் பழங்குடியினர் மருத்துவமனை, நீலகிரி கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனை ஆகியவற்றுக்கு எழுதிக் கேட்டுப்பார். எத்தனை நாள் தங்க முடியும், என்ன மொழி தெரியும் என்று நாலே வரி போதும். கூடலூர் என்றால் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் பற்றிப் படித்துவிட்டுப் போ, அங்கே பழங்குடிக் குடும்பங்களில் அது நிஜமான பிரச்சினை.

குடை, தண்ணீர் பாட்டில், தேய்ந்தாலும் கவலையில்லாத செருப்பு எடுத்துக்கொள். வெள்ளைக் கோட்டை மட்டும் விடுதியிலேயே விட்டுவிடு. அதைக் கண்டதும் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் ஊசி என்று நினைத்து ஓடிவிடும், பிறகு பிடித்துத்தர சிஸ்டருக்குத்தான் வேலை.